மாமரத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர்?

கேள்வி: எங்கள் வளவில் ஐந்து வயதுடைய மாமரங்கள் நிற்கின்றன. வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் நாள்தோறும் மரத்துக்குப் பத்து நிமிடம் வீதம் மோட்டர் போட்டு இறைக்கிறேன். அப்படியும் மத்தியானத்தில் இலைகள் சோர்ந்துவிடுகின்றன. மூன்று நாளைக்கு ஒருமுறை போதும் என்கிறார் பக்கத்து வளவுக்காரர். மரத்தின் தேவையை எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், கிரான்குளம்

பதில்: கணக்குப் பார்த்தால் பக்கத்து வளவுக்காரர் சொல்வதே சரியாக வருகிறது. முதலில் உங்கள் குழாயை அளந்துகொள்ளுங்கள். 20 லீற்றர் வாளி 20 வினாடியில் நிரம்பினால், பத்து நிமிடத்தில் 600 லீற்றர் ஊற்றுகிறீர்கள் என்று பொருள்.

இனி மரத்தின் பக்கம் வருவோம். வெயில், காற்று, ஈரப்பதன், வெப்பநிலை ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு புற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு நீரை இழுக்கும் என்று கண்டு, அதைப் பயிருக்குரிய குணகத்தால் (பயிருக்குப் பயிர் மாறும் பெருக்கெண்ணால்) பெருக்குவதே உலக உணவு விவசாய நிறுவனம் 1998 இல் வெளியிட்ட வழிகாட்டியின் முறை. தோட்டத்தில் இதற்கு ஓர் ஆவியாதல் தொட்டி போதும். 121 சென்ரிமீற்றர் விட்டமும் 25 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட தகரத் தொட்டியைத் திறந்த வெளியில் மரச்சட்டத்தின் மேல் வைத்து, காகம் குடிக்காதபடி வலையிட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தை அளந்து குறித்து வாருங்கள்.

ஒரு நாளில் 7 மில்லிமீற்றர் குறைந்ததென்று வைத்துக்கொள்வோம். அதைப் புற்பரப்பின் அளவுக்கு மாற்றத் தொட்டிக்குரிய குணகமான 0.7 ஆல் பெருக்கினால் 4.9, மாமரத்துக்குரிய குணகம் இன்னொரு 0.7 என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 3.4 மில்லிமீற்றர். உச்சி வெயிலில் மரநிழலின் குறுக்களவு 4 மீற்றரானால் நிழலின் பரப்பு 12.6 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஒரு லீற்றர். ஆகவே அந்த மரத்தின் அன்றைய தேவை சுமார் 43 லீற்றர்தான்.

ஆனால் உங்கள் கிரான்குளத்து மணல் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மீற்றர் ஆழ மணலில் வேர் எடுக்கக்கூடிய நீர் 70 மில்லிமீற்றர் அளவே இருக்கும். 60 சென்ரிமீற்றர் வேர்மண்டலத்தில் அது 42. அதில் பாதி தீர்வதற்குள் மறுபடியும் இறைத்துவிட வேண்டும். நிழற்பரப்பின் பாதியை நனைத்தால், அங்கே அந்த 21 மில்லிமீற்றர் என்பது 130 லீற்றருக்குச் சற்று அதிகம், அதாவது மூன்று நாளைய நீர். சிந்திச் சிதறுவதையும் சேர்த்து மூன்று நாளைக்கு ஒருமுறை 150 லீற்றர் விடுங்கள். உங்கள் குழாயில் அது இரண்டரை நிமிடம். அடிமரத்தை ஒட்டி ஊற்றாமல், நிழலின் வெளிப்பாதியில் வட்டப்பாத்தி கட்டி, தேங்காய்ப் பொச்சு பரப்பி அதிலே விடுங்கள்.

மிச்சமாக ஊற்றிய நீர் நீங்கள் இட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே இறங்கி, உங்கள் குடிநீர்க் கிணற்றையே அடைகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள அந்த மணற்திட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். ஆகவே இந்தக் கணக்கை ஊரில் எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மத்தியானச் சோர்வை மட்டும் பார்த்து மோட்டரைப் போடாதீர்கள். கச்சான் வீசும்போது ஈர மண்ணில் நிற்கும் மரமும் தளரும். விடியற்காலையிலும் இலை நிமிராவிட்டால்தான் நீர் போதவில்லை. பூக்கும் காலத்துக்கு முன் நீரைக் குறைத்து, பிஞ்சு பிடித்த பிறகு முழு அளவுக்கு வாருங்கள்.

கேள்வி: மரத்தின் சாறோட்டத்தை நேரடியாக அளக்கும் கருவியை எலுமிச்சைத் தோட்டத்துக்கு வாங்கலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: தண்டில் செருகும் இரண்டு ஊசிகளில் ஒன்றைச் சூடாக்கி, சாறு அந்த வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கொண்டுபோகிறது என்று பார்க்கும் அந்தக் கருவி ஆய்வாளருக்கு உரியது. உங்களுக்கு மண்ணின் ஈர இழுவிசையை, அதாவது மண் நீரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதை, காட்டும் மானி போதும். 30 சென்ரிமீற்றரில் ஒன்றும் 60 இல் ஒன்றுமாகப் புதையுங்கள். நீர் விட்ட பின் கீழ்மானியின் முள்ளும் சட்டென்று இறங்கினால் நீர் அந்த ஆழத்துக்கும் போய்விட்டது என்று பொருள்; அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.