அழற்சிக்குத் தனியாக மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. மூன்று மாதங்களுக்கு முன்பு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தது. இடது கை, கால் இன்னும் பலவீனமாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பிரஷர் 190 இருந்தும் குறைக்காமல் விட்டார்கள். இப்போது 130-ஐத் தாண்டக்கூடாது என்கிறார்கள். போன வாரம் ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 6 என்று வந்தது. உடம்பில் அழற்சி இருப்பதாக லேபில் சொன்னார்கள். இடது தோள்பட்டை வலிக்கு வாங்கிய டைக்லோஃபெனாக் மாத்திரை வீட்டில் இருக்கிறது. அதுவும் அழற்சியைக் குறைக்கும் மருந்துதானே, தினமும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதைக் குறைத்து, உடம்பில் தேக்கிவைக்கும். பிரஷர் ஏறும், பிரஷருக்காகச் சாப்பிடும் மாத்திரையின் வேகமும் குறையும். டைக்லோஃபெனாக்கைத் தொடர்ந்து சாப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாத அபாயமே கூடுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ அப்பா சாப்பிடுகிறார் என்றால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். மூட்டு வீக்கத்தில் வரும் அழற்சியும் ரத்தக்குழாய்ச் சுவரில் நடக்கும் அழற்சியும் பெயரளவில்தான் ஒன்று.

சரி, அன்று ஏன் 190-ஐ விட்டுவைத்தார்கள்? அடைப்பு ஏற்பட்டதும் மூளையில் ஒரு பகுதி உடனே செத்துப்போகிறது. அதைச் சுற்றி, பாதி உயிரோடு ஊசலாடும் ஒரு வளையம் இருக்கும். பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாகக் கசிந்து வரும் ரத்தம்தான் அதைக் காப்பாற்றுகிறது. அந்த ரத்தத்தைத் தள்ளுவது பிரஷர். சட்டென்று குறைத்தால் வளையமும் போய்விடும். அதனால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு முதல் ஓரிரு நாள் 220/120 வரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஊசி போடுவதென்றால் அதற்கு முன் 185/110-க்குக் கீழே வர வேண்டும். போட்ட பின் 24 மணி நேரம் 180/105-ஐத் தாண்டக்கூடாது. (மூளையில் ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்துக்கு இது பொருந்தாது, அதில் சீக்கிரமே 140 அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள்.)

மூன்று மாதம் கழிந்த இன்று அந்த வளையம் இல்லை. இப்போது கவலை அடுத்த பக்கவாதத்தைப் பற்றியது. நீங்கள் கேட்ட அழற்சி இங்கேதான் வருகிறது. அதிக அழுத்தத்தில் ரத்தம் மோதிக்கொண்டே இருந்தால் குழாயின் உள்சவ்வு புண்படும். புண்பட்ட இடத்தில் வெள்ளணுக்கள் ஒட்டி உள்ளே நுழையும்; கொழுப்புப் படிவம் வீங்கி இளகும்; அதன் மேல்மூடி மெலிந்து ஒருநாள் வெடித்தால் அங்கே ரத்தம் உறையும். ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றுவதோடு, சுவரில் அழற்சியையும் தூண்டிவிடுகிறது. அழற்சியால் விறைத்த குழாய் திரும்பவும் பிரஷரை ஏற்றும். இந்தச் சுழலை உடைக்க நம் கையில் இருக்கும் நம்பகமான வழி பிரஷரைக் குறைப்பது. 2001-இல் வெளியான புரோகிரஸ் ஆய்வில், மேல் அளவு சராசரியாக 9 குறைந்ததற்கே மறுபடி பக்கவாதம் வருவது 28 சதவீதம் குறைந்தது. ஸ்டாட்டின் மாத்திரையும் கொழுப்போடு சேர்த்து சி.ஆர்.பி.யையும் குறைக்கும், அதை நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு அழற்சியை மட்டும் குறிவைத்து கோல்கிசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2024-இல் வந்தன. இரண்டிலும் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை.

சி.ஆர்.பி. 6 என்றால் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கே என்று அந்த எண் சொல்லாது. ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண் இருக்கிறதா பாருங்கள். சாப்பிடும்போது புரையேறுகிறதா என்று அவசியம் கவனியுங்கள். அப்படி ஏறினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். புகைப் பழக்கம் இருந்தால் விட்டே ஆக வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பாருங்கள்.

வீட்டில் பிரஷரை வலது கையில், அதாவது பாதிக்கப்படாத கையில் பாருங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பாதம் தரையில் படியட்டும், பேச்சு வேண்டாம். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக்கூடாது. கையைத் தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். 130/80-க்குள் வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த அளவே மாத்திரையால் வந்ததுதான். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் நின்ற நிலையிலும் ஒருமுறை பாருங்கள். 20-க்கு மேல் இறங்கினால் அப்பா விழுந்துவிடலாம், டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

தோள்பட்டை வலிக்குக் காரணம் பெரும்பாலும் தசை தளர்ந்து, கையின் கனம் மூட்டைக் கீழே இழுப்பதுதான். அவரைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். தாங்கமுடியாத நாளில் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டோடு அந்த டைக்லோஃபெனாக் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். இதுவரை எத்தனை கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பிரஷர் மருந்தின் அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு அதுவும் தெரிய வேண்டும்.