காகிதம் இல்லாமல் பாடுகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஓக்லாந்து இன்டர்ஃபெய்த் கோஸ்பல் கொயர் என்ற குழு, கறுப்பர்களின் கிறிஸ்தவப் பக்திப் பாட்டான கோஸ்பலைப் பாடும் காணொளி ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். யார் கையிலும் ஒரு தாள் இல்லை. கறுப்பர், வெள்ளையர், ஆசிய முகங்கள் எல்லாம் கலந்து நிற்கிறார்கள். கேட்க நம் பஜனை போல இருந்தது. அடிமைகளின் துயரத்திலிருந்து வந்த பாட்டை யார் வேண்டுமானாலும் பாடுவது சரியா? சுரக்குறிப்பு இல்லாமல் இத்தனை பேர் எப்படி ஒன்றாகப் பாடுகிறார்கள்?

க., மதுரை

அன்புள்ள க.,

இரண்டையும் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். பின்னதிலிருந்து தொடங்குகிறேன், அதிலேயே முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். தென் கரோலினாவில் 1740-லேயே எழுதக் கற்றுக்கொடுப்பதற்குத் தடை வந்துவிட்டது. ஆகவே அவர்களுடைய வழிபாடு புத்தகம் இல்லாத வழிபாடு. ஒருவர் ஒரு வரியைச் சொல்வார், சபை அதை வாங்கி மெதுவாக இழுத்துப் பாடும். பிரிட்டிஷ் தேவாலயங்களிலிருந்து வந்த வழக்கம்தான் இது, ஆனால் கறுப்பர்களிடம் வந்த பிறகு அந்த இழுப்புக்குள் ஒவ்வொருவரும் தன் போக்கில் சுரத்தைச் சுற்றி வரலாம் என்றாகிவிட்டது. நீங்கள் பஜனை என்கிறீர்கள். பஜனையில் பெரும்பாலும் முன்னால் பாடியவர் பாடியதையே நாம் திருப்பிப் பாடுகிறோம். இங்கே பதில் வரி வேறாக இருக்கலாம், ஒரு குரல் மேலே போகும்போது பக்கத்தில் நிற்பவர் கீழே தனக்கான இடத்தைத் தேடிக்கொள்வார்.

இந்தப் பாடல்களை உலகம் கேட்டது ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் வழியாக. விடுதலையான அடிமைகளுக்காக நாஷ்வில்லில் தொடங்கிய ஃபிஸ்க் கல்விக்கூடம் கடனில் தவித்தபோது, அதன் பொருளாளர் ஜார்ஜ் வைட் 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கச்சேரிப் பயணம் கிளம்பினார். முதலில் அவர்கள் மேடையில் பாடியது பெரும்பாலும் வெள்ளையர்களின் பாடல்கள். தங்கள் பெற்றோரின் பாடல்களை அந்நியர் முன்னால் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவை புனிதமானவை, அடிமைக் காலத்தை நினைவூட்டுபவை. பிறகு பாடினார்கள், கேட்டவர்கள் உருகினார்கள், கல்விக்கூடம் பிழைத்தது. 1872-ல் அந்தப் பாடல்கள் புத்தகமாகவும் வந்துவிட்டன. அதாவது உங்கள் முதல் கேள்வியை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே அந்த மாணவர்கள் தங்களுக்குள் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் சிகாகோ. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம். தெற்கின் பருத்தி வயல்களை விட்டு லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அங்கிருந்த பெரிய கறுப்பர் சபைகளில் பயிற்சி பெற்ற பாடகர் குழுக்கள் ஐரோப்பிய இசையைச் சுரக்குறிப்பு பார்த்துப் பாடின. கைதட்டுவதும் உடலை அசைப்பதும் பட்டிக்காட்டுத்தனம் என்று பல போதகர்கள் நினைத்தார்கள், ஊரிலிருந்து புதிதாக வந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் இறைச்சிக்கூடத் தொழிலாளிக்கும் அந்தக் குழுக்களில் என்ன இடம் இருந்திருக்கும்? 1931 வாக்கில் எபினேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர் தெற்கின் பழைய பாட்டு தன் சபையில் ஒலிக்க வேண்டும் என்று விரும்பினார். தாமஸ் டார்சியும் தியடோர் ஃப்ரையும் அதற்காக ஒரு கோஸ்பல் கோரஸைச் சேர்த்தார்கள். டார்சி ஜார்ஜியாவைச் சேர்ந்த போதகர் ஒருவரின் மகன், 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில், கறுப்பர்களின் உலகியல் இசையான ப்ளூஸைப் பியானோவில் வாசித்தவர், ப்ளூஸ் பாடகி மா ரெய்னியோடு ஊர் ஊராகப் போனவர். மதுக்கூடத் தாளத்தை ஆலயத்துக்குள் கொண்டுவருகிறார் என்று பல சபைகள் அவருக்குக் கதவைச் சாத்தின. 1932-ல் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபை அவரைத் தன் கோரஸை நடத்த அழைத்தது. அதே வருடம் ஆகஸ்டில் அவர் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அவர் ஊரையே விட்டுப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் அந்தக் கோரஸை விடாமல் நடத்தினார்.

டார்சி பாட்டை அச்சிட்டு விற்றவர்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாளில் மெட்டும் சொற்களும் ஓரளவுதான் இருக்கும். எப்படிப் பாடுவது என்பதை ஒருவர் நேரில் போய்ப் பாடிக் காட்ட வேண்டும். பாடகி சாலி மார்ட்டின் அதற்காகவே ஊர் ஊராகப் போய்க் குழுக்களைச் சேர்த்தார். கோஸ்பல் கோரஸ் நாடெங்கும் பரவியது இப்படி ஆட்கள் வழியாகத்தான்.

பிற்காலத்தில் ஸ்வீட் ஹனி இன் த ராக் என்ற கறுப்பினப் பெண்கள் பாடகர் குழுவின் இசாயே பார்ன்வெல் இதே முறையை யாரும் வந்து கலந்துகொள்ளக்கூடிய பயிலரங்காக நடத்தினார். பாடத் தெரியாது என்று நம்புகிறவர்களும் அதற்கு வந்து பாடினார்கள்.

சரி, ஓக்லாந்து. 1986-ல் ஜாஸ் முகாம் ஒன்றில் நடந்த கோஸ்பல் பயிலரங்கிலிருந்து உருவான குழு அது. நடத்தியவர் டெரன்ஸ் கெல்லி, ஜாஸ் பியானோ கலைஞர் எட் கெல்லியின் மகன். பல மதத்தவர் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்த முதன்மைக் குழுவில் சேரக் குரல் தேர்வு உண்டு, அதோடு இணைந்த சமுதாயக் குழுவுக்குத் தேர்வு கிடையாது. கோஸ்பல் குழுக்கள் பொதுவாகப் பாடம் எடுக்கும் விதம் இது: நடத்துபவர் சோப்ரானோ என்ற உச்சக் குரல் பிரிவின் வரியைத் தானே பாடுவார், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள், பிறகு அதற்குக் கீழே ஆல்டோ, பிறகு இன்னும் கீழே டெனர். பெரும்பாலும் மூன்றே பிரிவுகள்தான், பாஸ் என்ற அடிக்குரலைத் தனியாக வைப்பதில்லை. நடத்துபவர் தன் தலையைத் தொட்டால் ஆரம்பத்திலிருந்து பாட வேண்டும். கடைசியில் ஒரு சிறு வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது எத்தனை முறை, எப்போது சுருதியை ஏற்றுவது என்பதெல்லாம் அவர் கையசைவில்தான். கண்ணை எடுத்தால் தவறிவிடுவார்கள், தாளைப் பார்க்க நேரமே இல்லை.

அதனால்தான் யார் பாடலாம் என்ற கேள்விக்கு என் பதில், பாடலாம், இப்படிக் கற்றுக்கொண்டால். புத்தகத்திலிருந்து பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை உருவாக்கிய மக்களோடு ஒரு தொடர்பும் இல்லாமல், அழகாகப் பாடிவிட்டுப் போவது எனக்கு உறுத்தும். அந்த மரபில் வளர்ந்த ஒருவர் முன்னால் நின்று, அவர் வாயிலிருந்து வரியை வாங்கி, அவர் திருத்தும்போது திருத்திக்கொண்டு பாடுகிறவர்களிடம் அந்த உறுத்தல் எனக்கு இல்லை. எந்த மதமானாலும், எந்த நிறமானாலும்.

கச்சேரிக் காணொளியோடு நிறுத்தாதீர்கள். ஏதாவது ஒரு கோஸ்பல் குழுவின் ஒத்திகை கிடைத்தால் பாருங்கள், ஆல்டோ பிரிவு தன் வரியை வாங்கும் இடத்தை முக்கியமாக.

அன்புடன்