ஆதி பகவன் யார், டீச்சர்?

கேள்வி: ஐயா, வணக்கம். வந்தவாசி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். குறள் ஒப்புவித்தல் போட்டிக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடவுள் வாழ்த்து அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். 'ஆதி பகவன்னா யாரு டீச்சர்?' என்று ஒருத்தி கேட்டாள். சிவன் என்றான் ஒருவன். இயேசு என்று எங்கள் பாஸ்டர் சொன்னார் என்றாள் இன்னொருத்தி. ஒரு சமணப் பையன் எழுந்து, 'அது ஆதிநாதர். குறளை எழுதினதே எங்க பொன்னூர் மலை முனிவர்தான், தாத்தா சொன்னாரு' என்றான். 'சாமியே இல்லைன்னு எங்க பெரியப்பா சொல்றாரே' என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து, 'நீங்க எந்தச் சாமி கும்பிடுவீங்க டீச்சர்?' என்றார்கள். நான் பயந்துபோய், 'வகுப்புல சாமியைப் பத்திப் பேசக் கூடாது, உட்காருங்க' என்று அடக்கிவிட்டேன். மறுநாள் அந்தச் சமணப் பையனின் அப்பா வந்து, 'எங்க சாமி பேரைச் சொன்னதுக்குப் பையனைத் திட்டினீங்களாமே' என்கிறார். ஹெச்.எம்., 'இனி அந்தப் பக்கமே போகாதீங்க' என்கிறார். அரசுப் பள்ளியில் சமயம் பற்றிப் பேசுவது சட்டப்படி தவறா? அடுத்த முறை இப்படி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தவறில்லை. பேசலாம். உங்களைப் போல எத்தனையோ ஆசிரியர்கள் வாயை மூடிக்கொள்வதற்குக் காரணம், சட்டம் எதைத் தடுக்கிறது என்பது சரியாகத் தெரியாததுதான். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அரசமைப்புச் சட்டத்தின் 28(1) பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் சமய போதனை அளிக்கக் கூடாது என்கிறது. உங்கள் பள்ளி அதில் அடங்கும். ஆனால் அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: போதனை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, வங்கத்து உறுப்பினர் லட்சுமி காந்த மைத்ரா எழுந்து, அப்படியானால் சமஸ்கிருதக் கல்லூரிகளில் வேதமும் கீதையும் நடத்துகிறார்களே, அதுவும் நின்றுவிடுமா என்ற கவலையைக் கிளப்பினார். அம்பேத்கர் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் உங்கள் வகுப்புக்குப் பொருந்தும். போதனை வேறு, ஆய்வும் படிப்பும் வேறு என்றார் அவர். இறைவன் ஒருவனே, நபியே இறுதித் தூதர், இதை நீ நம்பு என்று சொல்லிக் கொடுத்தால் அது போதனை. ஒரு சமயத்தைப் பற்றிப் படிப்பது அதிலிருந்து முற்றிலும் வேறான காரியம்.

பின்னால் உச்ச நீதிமன்றமும் இந்த வழியில்தான் போனது. பஞ்சாபில் குரு நானக் பல்கலைக்கழகச் சட்டத்தில் நானக்கின் வாழ்வையும் போதனைகளையும் படிக்க ஏற்பாடு செய்திருந்ததை எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது. அது சமய போதனை ஆகாது என்று 1971இல் தீர்ப்பு வந்தது. 2000இல் வந்த தேசியக் கலைத்திட்டத்தை எதிர்த்த அருணா ராய் வழக்கில், சமயங்களைப் பற்றிக் கற்பிக்கலாம் என்று 2002இல் சொன்ன நீதிமன்றம், அந்தப் பெயரில் போதனை உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். உதவிபெறும் பள்ளிகளுக்கு 28(3) என்று வேறு விதி இருக்கிறது: அங்கே சமய வகுப்போ வழிபாடோ நடந்தால், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அதில் உட்கார வைக்க முடியாது. அது உங்களுக்கு வேண்டாம்.

சரி, சட்டம் இடம் கொடுக்கிறது. வகுப்பில் எப்படிப் பேசுவது?

இதற்கு நான் வெளியே எங்கும் தேடிப் போனதில்லை. நீங்கள் நடத்திய அதே அதிகாரத்தில், ஒன்பதாம் குறளில், 'எண்குணத்தான் தாளை வணங்காத் தலை' என்று வருகிறதே, அங்கே உரையாசிரியர் பரிமேலழகர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் காஞ்சிபுரத்து வைணவர் என்று மரபு சொல்கிறது. ஆனால் எட்டுக் குணங்கள் எவை என்று சொல்லும்போது, தன்வயத்தன் ஆதல், தூய உடம்பினன் ஆதல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவ்வாறு சைவாகமத்துக் கூறப்பட்டது என்று எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை. அணிமா முதலான எட்டுச் சித்திகள் என்றும், கடையிலா அறிவு முதலான எட்டு என்றும் 'உரைப்பாரும் உளர்' என்கிறார். கடையிலா அறிவு முதலான எட்டு, சமணர் அருகனுக்குச் சொல்லும் குணங்கள். தன் சமயத்தைக் கொண்டுவந்து நிறுத்தாமல், ஒவ்வொரு கருத்தையும் அதற்குரியவர் கையில் கொடுத்துவிட்டார்.

'உரைப்பாரும் உளர்' என்ற இந்த இரண்டு சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. 'ஆதி பகவன் சிவபெருமான்' என்று நீங்கள் சொன்னால் போதனை. 'ஆதி பகவன் சிவபெருமான் என்று சைவர் கொள்வர்' என்றால் பாடம். எழுவாய் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ் இலக்கணம் நடத்துகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வகுப்பையே மறுபடி எடுங்கள். கரும்பலகையில் 'ஆதி பகவன்', 'மலர்மிசை ஏகினான்', 'எண்குணத்தான்' என்று மூன்று தொடர்களையும் எழுதுங்கள். வள்ளுவர் எந்தக் கடவுளின் பெயரையாவது சொல்லியிருக்கிறாரா என்று பிள்ளைகளையே பத்துக் குறளிலும் தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தலைகுனிந்து தேடுவார்கள், கிடைக்காது. அப்புறம் சொல்லுங்கள்: மலர்மிசை ஏகினான் என்பது தாமரைமேல் நடந்த அருகதேவன் என்று சமணர் கொள்வர். ஆதி பகவன் முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர் என்பதும், குறளை இயற்றியவர் குந்தகுந்தர் என்ற சமண முனிவர் என்பதும் அவர்கள் மரபு. பொன்னூர் மலையில் அவருடைய பாதத்தை இன்றும் வணங்குகிறார்கள். 1886இல் குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு. போப், மயிலாப்பூர்ப் பக்கம் கிறித்தவப் போதனையை வள்ளுவர் கேட்டிருக்கலாம் என்று ஊகித்தார். அதை ஏற்காத அறிஞர்கள் பலர். கடவுளே இல்லை என்பவர்களும் இதே குறளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கடைசி பெஞ்சுப் பையனின் பெரியப்பாவுக்கும் அந்தப் பலகையில் ஒரு வரி இருக்கட்டும்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு! தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற வட்டாரம் அது. மற்ற ஊர்களில் புத்தகத்தில் மட்டும் படிப்பதை உங்கள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று சொல்கிறான். அவனை உட்கார வைத்துவிட்டீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

அடுத்தது, 'நீங்க எந்தச் சாமி கும்பிடுவீங்க?' இதைச் சொல்லாதீர்கள். சொன்னால் சட்டக் குற்றம் என்பதற்காக அல்ல. உங்கள் நெற்றிப் பொட்டோ, பக்கத்து வகுப்பு டீச்சரின் சிலுவையோ யாருக்கும் போதனை ஆகிவிடாது. ஆனால் விடைத்தாள் திருத்துகிற கை உங்களுடையது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு டீச்சரின் விருப்பம் தெரிந்துவிட்டால், அதையொட்டிப் பேசத் தொடங்கும்; ஒட்டாத பிள்ளை பேசாமல் இருந்துவிடும். கோபப்படாமல், சிரித்த முகத்தோடு, 'அது என் வீட்டு விஷயம்டா கண்ணு. இங்க நான் உங்க எல்லாருக்கும் டீச்சர்' என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். பிள்ளைகள் இதை எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண் காய்ச்சல் விட்டு வந்தாள். மேல்கையில் கறுப்புக் கயிற்றில் தாயத்து. தர்காவில் மந்திரித்துக் கட்டியது. 'இதுவா காய்ச்சலைக் குறைச்சது? ஊசியில்ல குறைச்சிருக்கும்!' என்றேன். வகுப்பே சிரித்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் சட்டைக் கையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். அந்த வருடம் முடியும்வரை என் வகுப்பில் ஒரு கேள்விக்கும் கை தூக்கவில்லை. அரசமைப்பின் 51அ பிரிவு அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் பண்பையும் வளர்ப்பது குடிமக்கள் கடமை என்கிறது, உண்மைதான். அதே பிரிவு சமயம் கடந்த சகோதரத்துவத்தையும் கடமை என்கிறது. 'டாக்டர்கிட்டயும் போனீங்களா? என்ன மருந்து கொடுத்தார்?' என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பிள்ளையையும் அதன் சமயத்துக்குப் பிரதிநிதி ஆக்காதீர்கள். 'நீ முஸ்லிம்தானே, நோன்பு பத்திச் சொல்லு' என்று எழுப்பி நிறுத்துவது நல்ல எண்ணத்தில் செய்தாலும் தவறு. தானாக எழுந்து சொல்கிற பிள்ளையைச் சொல்ல விடுங்கள், அவ்வளவுதான்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. 'உங்க குலதெய்வம் எது?' என்று வகுப்பில் கேட்பது, பல ஊர்களில் 'நீ என்ன சாதி?' என்று கேட்பதற்குச் சமம். 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை எழுதச் சொல்வதும் அப்படித்தான். தேர் தன் தெருவுக்குள் வராத பிள்ளை அந்தக் கட்டுரையில் என்ன எழுதும்? பக்கத்துப் பெஞ்சுக்காரன் வடம் பிடித்த கதையைப் பக்கம் பக்கமாக எழுத, அது பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் அந்தத் தலைப்பை விட்டுவிட்டு, 'நான் பார்த்த ஒரு கூட்டம்' என்று கொடுக்கத் தொடங்கினேன். திருவிழா எழுத நினைப்பவர் எழுதலாம், சந்தை எழுத நினைப்பவர் எழுதலாம். சாமியைப் பற்றிய பேச்சைப் பாடநூலில் இருந்தும் இலக்கியத்தில் இருந்தும் தொடங்குங்கள், பிள்ளையின் வீட்டிலிருந்து தொடங்காதீர்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை ஏதாவது பாட்டைப் பாட மறுத்தால் பதறாதீர்கள். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அப்படி என்றால் மற்றதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியிலிருந்து 'ஒழுக்க வகுப்பு', 'தன்னம்பிக்கைப் பேச்சு' என்று வருகிறவர்களிடம்தான் உங்கள் ஹெச்.எம். உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில், ஊனத்தோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருள்பட ஒருவர் மாணவிகளுக்குப் பேசியதும், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே 'என்று கொள்வாரும் உளர்' என்பதே இல்லை. இதுதான் உண்மை என்று சொல்லப்பட்டது. அம்பேத்கர் பிரித்துக் காட்டிய கோடு அந்த மேடையில் கண்ணெதிரே தெரிந்தது.

இனி நடைமுறை. பாடக்குறிப்பில் அன்று எடுத்த குறள் எண், எந்த உரையைப் பார்த்தீர்கள், யார் யார் கருத்தைச் சொன்னீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். புகார் வந்தால் பெற்றோரை ஹெச்.எம். முன்னிலையில் சந்தியுங்கள், தனியாக வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் பதில் போடாதீர்கள். மெமோ வந்தால் எழுத்தில், குறள் எண்ணோடும் உரையாசிரியர் பெயரோடும் பதில் கொடுங்கள். 'மத உணர்வைப் புண்படுத்தினீர்கள், கேஸ் போடுவோம்' என்று யாராவது மிரட்டினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்வதைத்தான் குற்றம் என்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஹெச்.எம்.மிடம் காட்ட ஒன்று வேண்டுமென்றால், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29(2) பிரிவை எடுத்துக் காட்டுங்கள். பிள்ளை அச்சமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்று அதில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு அதற்குள் வருகிறது.

அந்தப் பையனின் அப்பாவை இந்த வாரமே ஒருமுறை வரச் சொல்லுங்கள். திட்டவில்லை, எப்படிப் பேசுவது என்று தெரியாமல் அடக்கிவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அடுத்த குறள் வகுப்பில் அவன் விரும்பினால், தாத்தா சொன்னதை 'எங்க வீட்டுல இப்படிச் சொல்வாங்க' என்று தொடங்கி, எழுந்து நின்று முழுதாகச் சொல்லட்டும்.