ஒழுகும் கேரவனைக் கொடுத்துவிட்டு மோட்டார்ஹோம் வாங்கலாமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து வெருலத்தில் பள்ளி ஆசிரியை. கணவர் டர்பன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு அக்டோபரில் 4,20,000 ராண்டுக்குப் புதுக் கேரவன் (காரில் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வாங்கினோம். 40,000 கையிலிருந்து கட்டினோம். மீதி வங்கிக் கடன்: 72 மாதம், 13% வட்டி, கடைசியில் ஒரே தடவையில் கட்ட வேண்டிய 1,26,000 பலூன் தொகை. நவம்பரில் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போனபோது முதல் மழையிலேயே கூரைத் திறப்பின் ஓரமாக ஒழுகியது. கதவு சரியாகப் பூட்டவில்லை, ஃபிரிட்ஜ் காஸில் ஓடவில்லை. விற்றவர் என் நாத்தனாரின் மருமகன், ஒரு டீலரிடம் விற்பனையாளர். டிசம்பரில் ஆள் அனுப்பி சிலிக்கோன் பூசினார். ஜனவரியில் மறுபடி ஒழுகியது. வாட்ஸ்அப்பில் இரண்டு முறை சொன்னேன், அப்புறம் குடும்பத்தில் மனஸ்தாபம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இப்போது சுவர் உப்பி, அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. அவரே ஒரு வழி சொல்கிறார். கேரவனை 2,60,000க்கு எடுத்துக்கொள்வார்களாம், 6,90,000 ராண்டுக்கு ஒரு பழைய மோட்டார்ஹோம் (என்ஜினோடு தானே ஓடும் வீட்டு வண்டி) தருவார்களாம். பழைய கடனில் விழும் பாக்கியைப் புதுக் கடனிலேயே சேர்த்துவிடலாமாம். கொழுந்தனார், வாடகைக்கு விட்டால் தவணை தானாக அடைந்துவிடும் என்கிறார். முன்பு காரையும் பக்கியையும் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) இப்படித்தான் மாற்றினோம். கிறிஸ்துமஸுக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள், அம்மா.

வட்டி என்றால் என்ன, பட்ஜெட் போடுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடிதத்தில் எண்களை இவ்வளவு தெளிவாக எழுதியவருக்குக் கணக்கு தெரியும். என் கண்ணில் உறுத்தியது கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான்: காரையும் பக்கியையும் இப்படித்தான் மாற்றினோம் என்பது. ஒரு பொருள் ஏமாற்றினால் விற்றவரிடம் கேட்காமல், அதைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்குகிறீர்கள். விழுகிற பள்ளத்தைப் புதுக் கடனில் போட்டு மூடுகிறீர்கள். கேரவன் ஒழுகியது தயாரித்தவர் குற்றம். அதற்கு நீங்கள் வட்டி கட்டப் போகிறீர்கள்.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். இப்போதைய தவணை, வங்கியின் மாதக் கட்டணமும் சேர்த்து, 6,530 ராண்ட் பக்கம் வரும். 14 மாதத்தில் சுமார் 91,000 கட்டியிருக்கிறீர்கள். கடன் இறங்கியதோ வெறும் 35,000 அளவுக்குத்தான். இன்றைக்கும் 3,45,000 வரை பாக்கி இருக்கும். பலூன் வைத்த கடன் இப்படித்தான் நடக்கும்: தவணை சின்னதாகத் தெரியும், அசல் நகராது. அவர்கள் தருவது 2,60,000. ஆக, பள்ளம் 85,000.

மோட்டார்ஹோம் 6,90,000, அதோடு 85,000, மொத்தம் 7,75,000 கடன். அதே 72 மாதம், அதே வட்டி, பலூனும் அதேபோல் வண்டி விலையில் 30% என்றால் மாதம் 13,700 ராண்ட். ஆறு ஆண்டு முடிவில் 2,07,000 பலூனையும் சேர்த்து ஏறக்குறைய 12 லட்சம் ராண்ட் கையைவிட்டுப் போயிருக்கும். அதில் அந்த 85,000க்காக மட்டும் நீங்கள் கட்டுவது சுமார் 1,23,000. இனிமேல் உங்களிடம் இருக்கவே போகாத, உப்பிப்போன ஒரு கேரவனுக்காக!

அந்த 2,60,000 ஏன் அவ்வளவு குறைவு என்றும் யோசியுங்கள். சுவரில் ஈரம் இறங்கிவிட்டது என்று டீலருக்குத் தெரியும். கேரவன் சுவர் பெரும்பாலும் அடுக்குச் சுவர்: வெளியே தகடு அல்லது ஃபைபர், நடுவில் ஃபோம், உள்ளே மெல்லிய பலகை, எல்லாம் பசையால் ஒட்டியது. கூரைத் திறப்பு, விளக்கு, ஜன்னல் என்று ஓட்டை போட்ட ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரைத் தடுப்பது ஒரு கோடு சீலன்ட்தான். ஓடும்போது உடம்பு முறுகும், சீலன்ட் விரிசல் விடும், பசை விட்டுப்போகும், மரச்சட்டம் மக்கும். மேலே சிலிக்கோன் பூசினால் உள்ளே போன ஈரம் உள்ளேயே தங்கும். உங்களுக்கு டிசம்பரில் செய்தது பழுதுபார்ப்பே இல்லை, பூசி மெழுகல்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, விற்றவருடையது இல்லை. பழுதுபார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை தீராமல் இருந்தாலோ புதிதாக ஒன்று தெரிந்தாலோ, மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். உங்கள் தேதிகளைப் பாருங்கள். அக்டோபரில் வாங்கினீர்கள், நவம்பரில் ஒழுகியது, டிசம்பரில் பூசினார்கள், ஜனவரியில் மறுபடி ஒழுகியது. எல்லாமே ஆறு மாதத்துக்குள், இரண்டாவது ஒழுகல் மூன்று மாதத்துக்குள். 14 மாதம் ஆகிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று நிறுவனம் சொல்லிப் பார்க்கும். குறையைச் சொன்ன தேதிதான் உங்கள் வாதம். அதனால் அந்த இரண்டு வாட்ஸ்அப் செய்திகளை இன்றே படமெடுத்து வேறு இடத்திலும் சேமியுங்கள். போனை மாற்றினால் போய்விடும்.

இதில் நாத்தனார் குடும்பம் எங்கே வருகிறது? அந்தப் பிரிவின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், சில்லறையில் விற்றவர் ஆகிய ஒவ்வொருவரும் தரத்துக்குப் பொறுப்பு. அந்தப் பையன் அங்கே சம்பளத்துக்கு இருப்பவர், அவர் பெயரே கடிதத்தில் வர வேண்டியதில்லை. டீலர் நிறுவனத்தின் மேலாளருக்கு ஒன்று, தயாரிப்பாளருக்கு அதன் நகல், அவ்வளவுதான். கடிதம் போன பிறகு அவருக்குத் தெரிய வேண்டாம், முன்னாலேயே ஒரு போன் போட்டு, “தம்பி, கம்பெனிக்கு எழுதப்போகிறோம், உன்மேல் குறை இல்லை” என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வெட்கப்பட்டு ஒரு வருடம் சும்மா இருந்ததற்கு எவ்வளவு ஆனது என்று மேலே பார்த்தீர்கள்.

கடிதத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டீலரோடு தொடர்பில்லாத ஒரு கேரவன் பழுதுபார்ப்பவரிடம் ஈரமானி வைத்துச் சுவரைச் சோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நிலைமை மோசம். எந்தச் சுவர், எந்த மூலை, எவ்வளவு என்று படத்தோடு இருக்கட்டும். டிசம்பர் நடுவில் பட்டறைகள் மூடிவிடும், ஆகவே இந்த வாரமே. அதுவரை அந்த வண்டியில் எங்கும் போகாதீர்கள். இவ்வளவு குறை என்று எழுதிவிட்டு டிராக்கன்ஸ்பர்க் போனால் எதிர்த்தரப்புக்கு அது நல்ல சாட்சி. நீங்களே சிலிக்கோன் வாங்கிப் பூசவும் வேண்டாம். மேலே தார்ப்பாய் போட்டு மூடினால் போதும்.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள்: கோபத்தில் தவணையை நிறுத்துவது. கடன் தீரும்வரை வண்டி வங்கிக்குச் சொந்தம். டீலர் செய்த தப்புக்கு உங்கள் கடன் பதிவு கெடும். டீலருக்கு எழுதும் கடிதத்தின் நகலை வங்கிக்கும் அனுப்பிவையுங்கள். பணம் திரும்பி வந்தால் முதலில் அவர்கள் கணக்கைத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அங்கே வேகம் எதிர்பார்க்காதீர்கள். ஃபிரிட்ஜ், கதவு மாதிரி சின்னச் செலவுகளை மட்டும் திருப்பிக் கேட்பதானால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ராண்ட் வரை, வக்கீல் இல்லாமல்.

இனி கொழுந்தனாரின் வாடகை யோசனை. இப்போது எல்லார் வாயிலும் இதுதான். பள்ளி விடுமுறையிலும் ஈஸ்டரிலும் ஆள் கிடைக்கும். ஆனால் அந்த நாட்களில்தானே நீங்களும் போவீர்கள்? நீங்கள் ஆசிரியை! தவணை மட்டும் 13,700, பலூனுக்கு ஒதுக்குவது, டயர், சர்வீஸ், லைசென்ஸ் எல்லாம் தனி. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி, வாடகைக்கு விட்ட வண்டிக்கு விபத்து என்றால் கையை விரித்துவிடும். அப்படி விடலாம் என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் எழுதித் தந்த கடிதத்தையும், வாடகைக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்ட நாலு பேரின் முன்பணத்தையும் கொழுந்தனார் கொண்டுவரட்டும், அப்புறம் பேசலாம்.

பழைய மோட்டார்ஹோமில் இன்னொரு தலைவலி. என்ஜினும் சேசிஸும் ஒரு கம்பெனி, மேலே கட்டிய வீடு இன்னொரு கம்பெனி. ஒழுகினால், சத்தம் வந்தால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். வூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிற நிலையிலேயே விற்கிறோம், குறைக்குப் பொறுப்பில்லை என்று தாளில் எழுதி நீட்டுவார்கள் வேறு. டீலர் அந்த ஒரு வார்த்தையை வைத்துத் தப்பிக்க முடியாது. இன்னின்ன குறை இருக்கிறது என்று குறிப்பிட்டுச் சொல்லி நீங்கள் ஏற்றுக்கொண்டால் மட்டும், அந்தக் குறைகளுக்கு அவர் பொறுப்பில்லை. தனிநபரிடம் வாங்கினால் அந்த வார்த்தை பெரும்பாலும் நிற்கும்.

மோட்டார்ஹோமுக்குக் கூடுதலாக மாதம் 7,200 கட்டத் தயாராக இருந்தீர்களே, அதில் 1,600 மட்டும் எடுத்து இந்தக் கேரவன் கடனிலேயே அசலுக்கு என்று குறிப்பிட்டுக் கட்டுங்கள். 58 மாதத்தில் 1,26,000 பலூனும் கரைந்துவிடும். ஒரு விஷயம்: அந்தக் கூடுதல் பணத்தை அசலில்தான் கழிப்போம் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாகப் போட்டுவிடுகிறார்கள்.

நிறுவனம் முழுப் பணத்துக்குச் சம்மதிக்காமல், சுவரைப் பிரித்துச் சரிசெய்து தருகிறோம் என்று இறங்கி வரக்கூடும். ஒத்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஒத்துக்கொண்டால் எந்தப் பலகை, எந்தச் சட்டம் மாற்றப்படுகிறது என்று எழுதிய ஜாப் கார்டு வேண்டும், முடிக்கும் தேதி வேண்டும், பிரித்து வைத்திருக்கும்போது நீங்கள் போய்ப் படமெடுக்க அனுமதி வேண்டும். வண்டி திரும்பி வந்ததும் ஹோஸ் பைப்பால் கூரையில் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு வாங்கியதாகக் கையெழுத்துப் போடுங்கள். அன்றிலிருந்து மூன்று மாதத்தை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.