கேள்வி பதில்: கற்பனை நாட்டுக்கு ஆறு வரைவது எப்படி?

மிகுபுனைவு நாவல் எழுதுகிறேன். மலையிலேயே இரண்டாகப் பிரிந்து இரு கடல்களில் கலக்கும் ஆறு ஒன்றை வரைந்தேன். ‘ஆறு இப்படி ஓடாது’ என்கிறார் நண்பர். கற்பனைதானே, ஓடினால் என்ன? (வாசகர், மன்னார்குடி)

மந்திரம் போட்டு ஓட வையுங்கள், ஆட்சேபணை இல்லை. மந்திரம் இல்லாத நாடு என்றால் நண்பர் சொல்வதே சரி. மேட்டில் ஆறுகள் ஒன்றுசேரும். பிரிவது பெரும்பாலும் கடலோரச் சமவெளியில்தான். கபினி, பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் வந்து சேரும்வரை காவிரி பெருகும். அதற்குப் பிறகு கதை தலைகீழ். முக்கொம்பில் கொள்ளிடம் போகிறது, கல்லணையில் வெண்ணாறு போகிறது, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். இத்தனை பேருக்கும் பங்கு கொடுத்துவிட்டுப் பூம்புகார் போய்ச் சேரும்போது காவிரி வாய்க்கால் அளவுக்குச் சிறுத்திருக்கும். டெல்டா வரைகிறவர்கள் முகத்துவாரத்தை நோக்கி ஆற்றை அகலப்படுத்திக்கொண்டே போவதுதான் வழக்கமான பிழை.

பழக நமது டெல்டாவையே வரைந்து பாருங்கள். கல்லணையிலிருந்து பூம்புகார் நேர்கோட்டில் ஏறத்தாழ 115 கி.மீ.; கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடிக்கரை ஏறத்தாழ 120 கி.மீ. ஒரு செ.மீ.க்கு 5 கி.மீ. என்று வைத்தால் ஏ3 தாளில் அடங்கும். முதலில் கடற்கரை, அடுத்து மேடு பள்ளம், அதன்பின் ஆறு, கடைசியாக ஊரும் சாலையும். ஊரை முதலில் வைத்துவிட்டு ஆற்றை வளைத்தால் எங்காவது தண்ணீர் மேடேறிவிடும். வெள்ளம் வடியும் பள்ளமான ஆற்றின் கரையில் தலைநகரையும் வைத்துவிடாதீர்கள்.

தூதுவன் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் போக எத்தனை நாள் என்று கணக்கிடுவது? (வாசகி, கும்பகோணம்)

நடந்தால் நாளைக்கு 25 கி.மீ., பாரவண்டி 20, மாற்றுக் குதிரை இல்லாத சவாரி 50 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் டெல்டாவில் தூரத்தைவிடத் திசை முக்கியம். ஆறுகள் கிழக்கே ஓடுவதால், தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகிறவனுக்குக் கரையே சாலை. உங்கள் ஊரிலிருந்து தெற்கே மன்னார்குடிக்குக் கிளம்பினால் அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். சித்திரையில் மணலில் நடந்தே கடப்பான். ஐப்பசியில் பரிசல்காரன் துடுப்பைத் தொட மாட்டான். தூதுவன் கிளம்பும் மாதத்தை எழுதாமல் நாள்கணக்குப் போட்டால் பாதிக்குப் பாதி தப்பும்.

ஊர்ப்பெயர்கள் செயற்கையாக வருகின்றன. என்ன செய்வது? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பெயரின் வாலைக் கவனியுங்கள். பட்டினம் என்றால் கடல் வாசம் அடிக்க வேண்டும். துறை என்றால் இறங்கிக் குளிக்க ஆறு வேண்டும். பேட்டையில் சந்தை கூடியிருக்க வேண்டும். மங்கலம் என்றால் யாரோ அரசர் அந்தணருக்கு நிலம் கொடுத்திருக்கிறார். மலையுச்சியில் ஒரு ‘பட்டினம்’ வைத்தால் வாசகர் சிரித்துவிடுவார். ஒலிக்கும் சட்டம் உண்டு. தமிழ்ச் சொல் ட, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்காது. எதிரி நாட்டுப் பெயர்களை மட்டும் அவற்றில் தொடங்கிப் பாருங்கள். விளக்கம் எழுதாமலே அயலார் என்று தெரிந்துவிடும்.

பெரிய ஊருக்கு இரண்டு பெயர் கொடுங்கள். கல்வெட்டில் ஒன்று, வாயில் ஒன்று. குடந்தை கும்பகோணமானதும் திருமறைக்காடு வேதாரண்யமானதும் மயிலாடுதுறையை இன்றும் பலர் மாயவரம் என்பதும் தெரிந்ததுதானே. யார் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதே பாத்திரத்தின் வயதையும் படிப்பையும் காட்டும்.

என் அரச வம்சத்தில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். வாசகர் குழம்புவாரா? (வாசகி, மயிலாடுதுறை)

குழம்புவார், அதற்காகப் பெயரை மாற்ற வேண்டாம். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான். முதலாம் இராசராசனின் தமக்கையும் குந்தவை, மகளும் குந்தவை. உத்தம சோழனுக்கும் மதுராந்தகன் என்று பெயர், இராசேந்திரனுக்கும் அதுவே. பெயருக்கு முன்னால் ஊரையோ உறவையோ ஒட்டுங்கள். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்ட பட்டம்போல ஒன்றை உருவாக்கினால் வரிசையும் பிடிபடும்.

வம்ச அட்டவணையில் பிறப்பு, பட்டம், இறப்பு ஆண்டுகளோடு ‘தாய்வீடு’ என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். எல்லோரும் விடுவது அதைத்தான். 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், ஆந்திரப் பகுதியில் சாளுக்கியர் ஆண்ட வேங்கிக்கு வாழ்க்கைப்பட்ட அந்த இளைய குந்தவையின் பேரன். தாய் அம்மங்கை, இராசேந்திரன் மகள். மணந்ததும் மாமன் மகளை. தந்தை வழியை மட்டும் கோடிழுத்தால் இவர் வானத்திலிருந்து குதித்தவர்போல் நிற்பார். நம் குடும்பங்களை மரமாக வரைவதே சிரமம். மாமன் மகள், அக்கா மகள் என்று கிளைகள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு எண் கொடுத்து, ஒருவரே இரண்டு இடத்தில் வரும்போது பெட்டியை மறுபடி வரையாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

வரைபடத்தை இரு பக்கம் விரித்து அச்சிடலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

அச்சிடலாம். நடுவில் 2 செ.மீ. காலியாக விடுங்கள், தைத்த பிறகு அந்த இடத்திலிருக்கும் ஊர் மடிப்புக்குள் போய்விடும். எழுத்தின் அளவு 8 புள்ளிக்கு (பாயின்ட்) குறைந்தால் கொம்பும் காலும் ஒட்டிக்கொள்ளும். பத்தாம் அத்தியாயத்தில்தான் கண்டுபிடிக்கப்போகிற இரகசியத் தீவு இருந்தால், முதல் பக்க வரைபடத்தில் அதை அழித்துவிடுங்கள்.