கொடையின் வரலாற்றை ஆய்வதை வாழ்நாள் பணியாகக் கொள்ள முடியுமா?

முதுகலை வரலாறு முடித்தவர், தான தருமம், சமூக நலம் ஆகியவற்றின் வரலாற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் பிழைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அந்தப் பெயரில் ஒரு பணியிடம் அறிவிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டில் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பெற்று வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்து, வகுப்புகள் போக மிஞ்சும் நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும். சேலத்தில் நான் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவருகிறேன்.

என்னை இதற்குள் இழுத்தது ஏற்காடு மலையடிவாரத்தில் பார்த்த ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு நீளக் கல்லைக் கிடத்தியிருந்தார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றி இறக்கி வைத்து, மறுபடியும் தூக்கிக்கொள்ள ஏற்ற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இத்தகைய கல்லை நடுவது நம் ஊர்களின் பழைய வழக்கம். மேற்கல்லின் விளிம்பு மூட்டைகள் உரசியே வழுவழுப்பாகியிருந்தது. நட்டவரின் பெயர் பாதி அழிந்த நிலையிலும் படிக்கக் கிடைத்தது. அங்கே சுமை இறக்கியவர்களின் பெயரைத் தேட இடமே இல்லை.

ஆவணங்களிலும் இதே நிலைதான். சத்திரத்துக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் விடப்பட்ட நிலங்கள் இனாம் பதிவேடுகளில், அதாவது வரிச்சலுகையோடு விடப்பட்ட நிலங்களின் பதிவேடுகளில், தர்மாதாயம் என்ற அறக்கொடை வகையில் வருகின்றன. நிலத்தின் அளவும் விட்டவரின் பெயரும் கிடைக்கும், அந்தப் பந்தலில் யாருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்பது கிடைக்காது. அதற்கு மனுக்களையும் வழக்குத் தீர்ப்புகளையும் பொறுமையாகப் புரட்ட வேண்டும்.

சேலம் மாவட்டத்தைக் கடுமையாக வாட்டிய 1876–78 பஞ்சத்தையே பாருங்கள். 1877இல், பஞ்ச நிவாரணத்தை ஆராய இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தபோது, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவ்விருவரின் வாதங்களும் அச்சில் இருக்கின்றன. அந்த ஒரு பவுண்டைக் கையில் வாங்கிக்கொண்டு கல் உடைத்தவரின் சொல்லைத் தேடுவதுதான் நம் வேலை என்று நான் கருதுகிறேன்.

வருமானத்துக்கு இன்னொரு வழி, அறக்கட்டளைகள் தங்கள் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதித்தரக் கேட்பது. ஒப்புக்கொள்ளலாம், ஆனால் கவனமாக. ஓர் அறக்கட்டளையின் பழைய கோப்பில், விடுதியிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைக் கண்டு அதையும் எழுதினேன். நீக்கச் சொன்னார்கள், நான் இணங்கவில்லை, அந்தப் பணி வேறொருவருக்குப் போயிற்று. கிடைக்காமல் போன தொகை எனக்கு அன்று பெரிதுதான். இருந்தும் அந்தப் பட்டியலின் படியை இன்றும் வைத்திருக்கிறேன்.

இப்போதே தொடங்க விரும்பினால், பழைய தமிழ் எண்களையும் கூட்டெழுத்துக் கையெழுத்தையும் படிக்கப் பழகுங்கள். வருவாய்க் கணக்குகள், ஜூலையில் தொடங்கும் பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும். அது தொடங்கும் ஆங்கில ஆண்டை அறிய 590ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ வேறெங்கோ பசலி 1286 என்று எழுதிய கட்டு கைக்கு வந்தால், அது 1876 ஜூலையில் தொடங்கிய பஞ்ச ஆண்டு. தருமபுரியும் நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை என்பதால், அவ்வூர்களின் கணக்கையும் சேலத்தின் பெயரிலேயே தேடுங்கள்.