தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். அவர் கட்டாரில். வீட்டில் நானும் மாமியும் ஏழு வயது மகளும்தான். போன மாதம் ஒரு இரவு யாரோ மதிலேறி எட்டிப் பார்த்ததிலிருந்து, நாய் வளர்க்கச் சொல்லி எல்லோரும் நெருக்குகிறார்கள். அவர் கண்டிப் பக்கம் ஒருவரிடம் அல்சேஷன் குட்டிக்குக் கதைத்து வைத்திருக்கிறார், முற்பணம் கேட்கிறார்களாம். நிலாவெளியில் ஒரு அக்கா தெருநாய்களை எடுத்துப் பராமரிக்கிறா, அங்கே போவோம் என்று மகள் அழுகிறாள். கட்டாக்காலி நாய் விசர்நோயைக் கொண்டுவரும் என்று மாமிக்குப் பயம். சாமி அறை இருக்கிற வீட்டில் நாயா என்றும் கேட்கிறா. காசு கொடுத்துச் சாதி நாய் வாங்குவதா, நிலாவெளிக்குப் போவதா?

உவர்மலை வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முற்பணம் இன்னும் அனுப்பவில்லை என்றால் பொறுங்கள்.

பத்து வருடத்துக்கு முன் நானும் ஒரு அல்சேஷன் குட்டி வாங்கினேன். 'நீங்கள் ஏன் அலைய வேண்டும், நானே கொண்டுவந்து தருகிறேன்' என்றார் விற்றவர். பெரிய உபகாரமாக நினைத்தேன். பஸ் நிலையத்தில் வைத்து, பிஸ்கட் பெட்டியோடு கையில் தந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். நான்காம் நாள் குட்டி சாப்பாட்டை விட்டது. ஐந்தாம் நாள் இரத்தமாகக் கழிந்தது. பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய், என்றார் மிருக வைத்தியர். ஏழாம் நாள் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தேன். அந்தக் குட்டியின் தாயை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. விற்றவரை விட எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒழுங்காக வளர்த்துக் கொடுப்பவர் வீட்டுக்கு வரச் சொல்லுவார். தாய் நாயைக் காட்டுவார். எட்டு வாரமாகாமல் குட்டியைத் தரமாட்டார். கூடப்பிறந்தவற்றோடு கடிபட்டு விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை ஒரு குட்டி பழகுகிறது. அல்சேஷனுக்கும் லாப்ரடோருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையில் வரும் என்பதால், தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்தாரா என்று கேட்டால் கோபிக்கவும் மாட்டார். வம்சப் பத்திரம் பாட்டன் பேரைச் சொல்லும், இடுப்பைச் சொல்லாது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாடிவீட்டில் இருந்த என் மச்சானுக்கு ஒருவர் குட்டி தர மறுத்தே விட்டார். மச்சானுக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம். எனக்கு மரியாதை.

ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் நிலாவெளியைத்தான் சொல்லுவேன். முப்பது கிலோவுக்கு மேல் வளரப்போகிற நாயைக் காலையும் மாலையும் யார் நடத்திக் கூட்டிப்போவது, மாமியா? கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நமக்கே மூச்சு முட்டுகிறது. இரட்டை மயிர் போர்த்த நாய் என்ன செய்யும்? மதிலேறுகிறவனை விரட்டக் குரைப்பே போதும். அதில் ஊர் நாயை விஞ்ச ஆளில்லை, மாவிலை விழுந்தாலும் அறிவித்துவிடும்.

குட்டி கேட்காதீர்கள். குட்டி ஒரு வருடத்துக்குச் செருப்பைத்தான் காவல் காக்கும். இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த பெட்டை ஒன்றைக் கேளுங்கள். பெட்டை என்பதற்காகவே சந்தையடியில் கொண்டுபோய் விடப்படுகிறவை எத்தனை! வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்: சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுகிறதா, சின்னப்பிள்ளை ஓடினால் துரத்துகிறதா. ஒரு தரம் பார்த்துவிட்டுக் கொண்டுவர வேண்டாம், மூன்று தரம் போங்கள். மகள் கையை நீட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கட்டும், நாய் அவளிடம் வரட்டும். முதல் நாளே 'கொண்டு போங்கோ' என்று அந்த அக்கா தள்ளிவிட்டால், என் பஸ் நிலையத்துக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இரக்கத்திலும் அவசரம் உண்டு.

மாமியின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். விசர் உடம்புக்குள் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், குட்டிக்கும் வரும். அதனால்தான் தெருவில் நேற்றுக் கிடைத்ததை விட, அந்த வீட்டில் ஆறேழு மாதம் இருந்து ஊசியும் போட்ட நாய் நல்லது. அட்டையைக் கேட்டுப் பாருங்கள். வருடா வருடம் ஊசி போட வேண்டும், அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதி நாய் என்றாலும் இதேதான். (மனிதரைப் பிரித்தது போதாதென்று நாய்க்கும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம்.)

சாமி அறைக்கு மறுமொழி மாமியிடமே இருக்கிறது. வைரவருக்கு வடைமாலை சாத்தும்போது பக்கத்தில் நிற்பது என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மற்றபடி நாய்க்கு விறாந்தை போதும்.

கூட்டிவரும் அன்று, அது அங்கே படுத்த சாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். வாசம் மாறினால் முதல் இரவு முழுக்க ஊளையிடும். இரண்டு மூன்று கிழமைக்குப் படலையைப் பூட்டியே வையுங்கள். திறந்து கிடந்தால் அது நிலாவெளிக்கே நடக்கத் தொடங்கிவிடும். பழகிய பிறகும் கோட்டைப் பக்கம் நடத்திப் போகாதீர்கள், மான்கள் நிற்கும்.

அன்புடன்,
அண்ணா